மர்ஃபி என்ற பெயரில் இரண்டு கோல்

ஈரக் கட்போட் மட்டையின் மணம் எங்காவது மூக்கில் பட்டால் போதும், நான் நேராக ரெக்ஸ்டேலில் இருந்த அந்தப் பெட்டி செய்யும் பக்டரிக்குப் போய்விடுவேன்...

கனடாவுக்கு வந்து இரண்டாவது வருடம். எனக்கு இருபத்துநாலு வயது. மெஷினில் இருந்து வரும் பெட்டிகளைக் கட்டி அடுக்குவது என் வேலை. அதை ஃபோர்க்லிஃப்டில் தூக்கிக்கொண்டு போவது டெஸ். அயர்லாந்துக்காரர், அறுபதை நெருங்கிய மனிதர். முழங்கால் இரண்டும் போய்விட்டன, வாய் மட்டும் போகவில்லை.

லஞ்ச் நேரம் முழுக்க உதைபந்தாட்டக் கதைதான். அவர் இளைஞனாக இருந்த காலத்தில் அங்கே பந்தடித்த அனேகமானோருக்குச் சம்பளம் கிடையாது. டெஸ்ஸுக்குக் கிழமை முழுக்கப் பால் பக்டரியில் வேலை. ஞாயிற்றுக்கிழமை பூட்ஸை சைக்கிள் ஹாண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு பதினைந்து மைல் மிதிப்பார். ஆட்டம் முடிந்தால் ஒரு தேத்தண்ணியும் சான்ட்விச்சும்... அவ்வளவுதான். தோல் பந்து மழையில் நனைந்தால் அரிசி மூட்டை மாதிரிக் கனக்குமாம்.

இதில் ஒரு வில்லங்கம் இருந்தது. அவர்கள் நாட்டுக்கென்று சொந்தமாக ஒரு பந்தாட்டம் உண்டு, கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். டெஸ் ஊர் ரீமுக்காக அதை ஆடியவர். அதை ஆடுகிறவன் வெளிநாட்டு ஆட்டமான சொக்கரை, அதாவது நாங்கள் ஆடும் உதைபந்தாட்டத்தை, தொட்டால் தடை. அதுவும் ஊர் ரீமின் செயலாளர் அவருடைய தகப்பன்.

டெஸ்ஸுக்கு இரண்டும் வேண்டும். அதனால் பக்கத்து மாவட்டத்துக்குப் போய், மர்ஃபி என்று பெயர் கொடுத்து சொக்கர் ஆடினார். ஒரு கப் ஃபைனலில், கொட்டும் மழையில், தலையால் இரண்டு கோல். அடுத்த நாள் பேப்பரில் மர்ஃபி. அதைப் பார்த்துவிட்டு நாட்டின் அமெச்சூர் ரீமுக்கு ஆள் எடுக்கும் ஆட்டத்துக்கு வரச்சொல்லி மர்ஃபிக்குக் கடிதம் வந்தது. போனால் படம் எடுப்பார்கள், பேப்பரில் வரும், தகப்பன் பார்ப்பார். டெஸ் போகவில்லை.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். ஏனென்றால் அதே கிழமை நானும் ஒரு கள்ளப் பெயர் எடுத்திருந்தேன்.

ஸ்காபரோவில், நாங்கள் விட்டுவந்த ஊர்களின் பெயரில் நடக்கும் சங்கங்களின் சுற்றுப்போட்டி. என் ஊருக்கு ரீம் இல்லை. பக்கத்து ஊர் ரீம் ஃபைனலுக்கு வந்துவிட்டது, ஆனால் முன்னால் ஆட வேண்டியவன் காலை முறித்துக்கொண்டான். அந்தந்த ஊர்ப் பெடியள்தான் ஆடலாம் என்பது விதி. மனேஜர் சந்திரன் அண்ணை, குகன் என்ற அந்த ஊர்ப் பெடியன் ஒருவனின் ஆட்டக்காரர் அட்டையை என் கையில் வைத்தார்.

"ஃபைனலண்டைக்கு நீதான் குகன். ஆரும் ஏதும் கேட்டால் வாயைத் திறக்காதை."

அட்டையில் இருந்த மங்கல் படத்தில் மீசை மட்டும்தான் தெரிந்தது. என்னிடமும் ஒரு மீசை இருந்தது.

டெஸ் தன் காரிலேயே என்னைக் கூட்டிப்போனார். வழி முழுக்க "குகன், குகன்" என்று சொல்லிப் பழகினார். இதில் தனக்கு நல்ல அனுபவம் என்று பெருமை வேறு.

அந்த ஆட்டம் இருக்கிறதே... இப்போது நினைத்தாலும் கால் துடிக்கிறது! மைதானத்தைச் சுற்றி எங்கட சனம். மட்டன் ரோல்ஸ் பொரியும் வாசம், மைக்கில் ஒருவர் மூச்சு விடாமல் வர்ணனை. ஒன்றுக்கு ஒன்று. கடைசி இரண்டு நிமிடம். கோர்னரில் இருந்து வந்த பந்து ஒருவனின் தோளில் பட்டு என் இடது காலடியில் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டு அடித்தேன். வலை குலுங்கியது.

மைக்கில் "குகன்... குகன்" என்று அலறினார்கள். அதையும் மீறி ஒரு குரல்.

"ஜெயன்! ஜெயன்!"

நரைத்த தலை, வேலைக்குப் போடும் பூட்ஸ். முழங்கால் வலியையும் மறந்து ஒரு வெள்ளைக்காரர் என் சொந்தப் பெயரைக் கத்திக்கொண்டு மைதானத்துக்குள் ஓடி வருகிறார்.

எதிர் ரீமின் மனேஜர் மெதுவாக என்னிடம் வந்தார்.

"உவர் ஆரைத் தம்பி ஜெயன் எண்டுறார்?"

"தெரியாது அண்ணை."

"சரி, நீர் குகன் எண்டால், அப்பா எப்பிடி இருக்கிறார்?"

"நல்லா இருக்கிறார் அண்ணை."

"அவர் மோசம் போய் ஆறு வருசம். செத்தவீட்டுக்குப் பந்தல் போட்டதே நான்தான்."

கோல் போனது. கப் போனது. சந்திரன் அண்ணை அடுத்த மூன்று மாதம் என்னோடு பேசவில்லை.

எனக்கு டெஸ்ஸில் வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. வாழ்க்கையில் நான் போட்ட ஒரே ஃபைனல் கோல் அது. திரும்பும்போது காரில் அவருக்கு முகம் காட்டாமல் ஜன்னல் பக்கம் திரும்பி இருந்தேன். சிவப்பு லைற்றில் நின்றபோது அவராகவே வாய் திறந்தார். பேசியது இங்கிலீஷ்தான், ஆனால் என் காதில் அது எப்போதும் எங்கட தமிழில்தான் கேட்கிறது.

"அண்டைக்கு என்னைத் தோளில தூக்கிக்கொண்டு போகேக்கை சனம் முழுக்க மர்ஃபி, மர்ஃபி எண்டு கத்தினது. நான் மேலை இருந்துகொண்டு, ஆர் உந்த மர்ஃபி எண்டு யோசிச்சனான். இண்டைக்கு நீ அடிச்ச உடனை எனக்கு மற்றப் பேர் வாயிலை வரேல்லை. மன்னிச்சுக்கொள்."

அதற்குப் பிறகு எப்படிக் கோபப்படுவது? பச்சை விழுந்தும் கொஞ்ச நேரம் அவர் காரை எடுக்கவில்லை, பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

இப்போது என் மகள் றிச்மண்ட் ஹில்லில் ஒரு ரீமில் ஆடுகிறாள். முதுகில் பெயர், ஃபோனில் பெயர். அவள் கோல் அடித்து நான் கைதட்டி முடிப்பதற்குள் மொன்றியலில் இருக்கும் மாமிக்குத் தெரிந்துவிடுகிறது. போன கிழமை இந்தக் கதையைச் சொன்னேன்.

"அப்பா, தட்ஸ் சோ சாட்... பழைய பேப்பர் எல்லாம் இப்ப ஒன்லைன்ல இருக்கு. வாங்கோ, தேடுவம்."

இரண்டு மணித்தியாலம் தேடினோம். கிடைத்தது! மங்கிப்போன ஒரு பக்கம், ஆட்டத்தைப் பற்றி ஆறு வரி. கோல் அடித்தவர்: மர்ஃபி, இரண்டு. காட்டுவதற்கு டெஸ் இல்லை, அவர் போய்ச் சேர்ந்து கனகாலம்.

அந்தப் பக்கத்தில் திருத்தம் எழுத இடமில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன், நீங்கள் நாலு பேராவது வாசியுங்கள்... அந்த இரண்டு கோலையும் அடித்தவர் டெஸ்மண்ட் ஃபாலன்.