முத்தாயிக்கு ஒரு நல்ல சாவு

ஈஜோக் ஊரின் காய்கறிக் கடையில் பிரமிளாவை யாரும் பிரமிளா என்று கூப்பிடுவதில்லை. "முத்தாயிக்கா, உங்க மருமவ இந்த வாரமாச்சும் திருந்துவாளா?" என்றுதான் கேட்பார்கள். பிரமிளாவுக்கு மருமகளும் இல்லை, மகனும் இல்லை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவளுக்கும் சுகுமாரனுக்கும் பிள்ளை வாய்க்கவில்லை. ஆனால் மாலை ஆனதும், பாகான் நக்கோடா ஓமாரிலிருந்து ரவாங் வரைக்கும் தொலைக்காட்சி உள்ள வீடுகளில் எல்லாம் அவள்தான் அம்மா.

முத்தாயி என்பது தொலைக்காட்சித் தொடரில் அவள் ஏற்ற வேடம். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கிச் செத்துப்போன மண்டோரின் மனைவி, தோளில் ஒரு துண்டு, வாய் நிறைய ஏச்சு, கை நிறைய சோறு. தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில் பசித்து வந்த யாரையும் வெறும் வயிற்றோடு அனுப்பாதவள். அந்த வேடம் பிரமிளாவைத் தேடி வரவில்லை. அவள்தான் சோற்றுச் சட்டியோடு அதைத் தேடிப் போனாள். ரவாங்கில் ஒரு தொழிற்சாலைக் கேண்டீனில் சமைத்துக்கொண்டிருந்தவள், படப்பிடிப்புக் குழுவுக்குச் சாப்பாடு கொண்டுபோனாள். தட்டைக் கழுவாமல் எழுந்த ஒரு நடிகரை அவள் திட்டிய திட்டை இயக்குநர் யுவனேஸ்வரன் கேட்டார். மறுநாள் அவளைக் கேமராவுக்கு முன்னால் நிறுத்தி, அதே மாதிரி திட்டச் சொன்னார். அப்படிப் பிறந்தவள் முத்தாயி.

நன்றாக வாழ்ந்துகொண்டிருந்த முத்தாயிக்கு ஒரு நாள் முடிவு வந்தது. பிரமிளாவின் மார்பில் ஒரு கட்டி. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்தார்கள், அறுத்தார்கள், பிறகு மருந்து ஏற்றத் தொடங்கினார்கள். கூந்தல் கொத்துக் கொத்தாகத் தலையணையில் உதிர்ந்தது. பாதிச் சிகிச்சை இன்னும் பாக்கி இருந்தது. தினமும் படப்பிடிப்புக்குப் போகக் கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தலையில் துணி கட்டி, வீட்டுக்குள் கண்ணாடியைத் திருப்பி வைத்துவிட்டு, சுகுமாரன் எதிரிலும் அந்தத் துணியை அவிழ்க்காமல் நடமாடினாள் பிரமிளா. ஆனால் அழுததை யாரும் பார்க்கவில்லை.

யுவனேஸ்வரன் நல்ல பிள்ளை. அவள் மனம் நோகக் கூடாது என்று யோசித்து யோசித்து முத்தாயியின் முடிவை எழுதியிருந்தார். முத்தாயி கோயிலுக்குப் போவாள். வழியில் விபத்து. வீட்டில் போன் அடிக்கும். மருமகள் எடுப்பாள், போன் கையிலிருந்து நழுவும், முடிந்தது. பிரமிளா ஒரு நாளும் வந்து படுக்க வேண்டாம், உடம்பு சரியில்லாதவளைச் சவப்பெட்டியில் கிடத்தும் பாவமும் யாருக்கும் வேண்டாம். கோலசிலாங்கூரில் சாலையோர ஒட்டுக்கடை ஒன்றில் தேநீரோடு உட்கார்ந்து அவர் இதைச் சொன்னார்.

பிரமிளா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"போன்ல வேணாம் தம்பி."

அவர் சமாதானம் சொல்லப் பார்த்தார். அவளைப் பெட்டியில் படுக்க வைக்கக் குழுவில் ஒருவரும் சம்மதிக்க மாட்டார்கள் என்றார். அவள் அவரை முடிக்க விடவில்லை.

"என் தங்கச்சி தனுஜாவுக்கும் போன்தான் வந்துச்சு. கொரோனா நேரம். ஆஸ்பத்திரியில சேத்தோம், போன் வந்துச்சு, எல்லாம் முடிஞ்சதுன்னாங்க. மூஞ்சக் காட்டல. ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தல. இன்னைக்கு வரைக்கும் எனக்கு அழுவ வரல, ஏன்னா அவ செத்தத நான் பாக்கல. முத்தாயியையும் அப்படி அனுப்புனா, அவளுக்காக அழுவுற ஜனத்துக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?"

பிரமிளா தன் நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வைத்தாள். முத்தாயி அவள் லயத்து வீட்டில்தான் சாக வேண்டும். சுற்றி ஜனம் இருக்க வேண்டும். அவளுக்கும் இதே நோய்தான் வர வேண்டும். செயற்கை முடி கிடையாது, இந்த மொட்டைத் தலையோடுதான் படுப்பாள். அவர் கதையைத் திருத்தி எழுத ஒப்புக்கொண்டுதான் அன்று எழுந்தார்.

இயக்குநரை வென்றது போல வீட்டில் வெல்ல முடியவில்லை. சுகுமாரன் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். அதிகம் பேசாதவர். தொடர் ஓடும் நேரத்தில் எதையோ பழுது பார்க்கிற சாக்கில் தொலைக்காட்சி அருகிலேயே உட்கார்ந்திருப்பவர். விஷயத்தைக் கேட்டதும் அவர் முகம் கறுத்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் எத்தனை நாள் அவர் கும்பிட்ட கையோடு நின்றார் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும். இப்போது அதே மனைவி, தானாகப் போய்ப் பெட்டியில் படுப்பேன் என்கிறாள்.

"படு. ஆனா நான் பாக்க வர மாட்டேன்" என்றார்.

"இந்த நோய முத்தாயி எடுத்துக்கிட்டுப் போவட்டும்னு பாக்குறேங்க. எனக்கு அவ அவ்வளவாச்சும் செய்ய மாட்டாளா?"

அவர் வெளியே போய், காலையில்தான் கழுவிய லோரியை மறுபடியும் கழுவினார்.

நடிப்புத் தொழிலில் இருப்பவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. சாகிற காட்சியில் நடித்தவர் காட்சி முடிந்ததும் சும்மா எழுந்து போகக் கூடாது. படுத்த இடத்திலேயே கண்ணைத் திறந்து, கேமராவைப் பார்த்து ஒருமுறை சிரிக்க வேண்டும். சிரித்தால்தான் அந்தச் சாவு அவரை விட்டு நீங்கும். அந்தச் சிரிப்பைப் படம் பிடிக்காமல் யாரும் கேமராவை அணைக்க மாட்டார்கள். சுகுமாரனுக்கும் இது தெரியும். படப்பிடிப்பு நாள் காலையில் பிரமிளா கிளம்பியபோது, லோரிக்கு அடியிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது.

"முடிஞ்சதும் சிரிச்சிரு."

ஜெராம் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இன்னும் சில குடும்பங்கள் குடியிருக்கும் பழைய லயத்தில்தான் படப்பிடிப்பு. வாசலில் கூடாரம் போட்டு நாற்காலிகளை அடுக்கினார்கள். முச்சந்தியில், மாலை போட்ட பெரிய படத்தோடு மரண அறிவிப்புப் பலகை ஒன்றையும் நட்டார்கள். பெயர் முத்தாயி. படம் பிரமிளாவுடையது. அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் போன யாரோ நிறுத்தி, அதைப் படம் எடுத்து, வாட்சப்பில் போட்டுவிட்டார்.

இதை நடிப்பு என்று யார் நினைப்பார்கள்? முத்தாயிக்கு உடம்பு சரியில்லை என்பது ஊரறிந்த சேதி. அவளுக்கு வேறொரு பெயர் இருப்பதுதான் ஊருக்குத் தெரியாது. முற்பகலுக்குள் அந்தப் படம் பல கைபேசிகளைத் தாண்டி கோலசிலாங்கூர் பட்டணத்தில் உணவகம் நடத்தும் சல்மாவை எட்டியது. பிரமிளா நோயில் விழுந்த நாளிலிருந்து வாரம் தவறாமல் ஆட்டுக்கால் சூப்பு கொடுத்தனுப்புகிறவள் சல்மா. பார்த்த மாத்திரத்தில் அடுப்பை அணைத்தாள், கடையைச் சாத்தினாள், கணவர் அபுபக்கரை வேனை எடுக்கச் சொன்னாள். ஈஜோக்கில் பிரமிளாவின் வீடு வரை அழுதுகொண்டே வந்தாள்.

வந்து பார்த்தால், வாசலில் சுகுமாரன் தனியாக உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, அக்காவ எங்க வச்சிருக்கீங்க?"

"ஜெராம் பக்கத்துல, எஸ்டேட்ல."

"நீங்க ஏன் இங்க உக்காந்திருக்கீங்க?"

"பொட்டியில படுத்திருக்கிறத என்னால பாக்க முடியாதும்மா. அவகிட்டயே சொல்லிட்டேன்."

சல்மா திகைத்துத் தன் கணவரைப் பார்த்தாள். துக்கத்தில் மனிதருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றே இருவரும் நினைத்தார்கள். அபுபக்கர் மெதுவாக அவர் தோளைப் பிடித்து, தைரியமா இருங்க என்று தொடங்கி, கைபேசியில் இருந்த படத்தைக் காட்டினார். அப்போதுதான் சுகுமாரனுக்கு விளங்கியது. அது நடிப்பு, பிரமிளா உயிரோடு இருக்கிறாள் என்று அவர் பதறிப்போய்ச் சொல்லி முடித்தார். சல்மா அங்கேயே படியில் உட்கார்ந்தாள். அழுதாள், சிரித்தாள், முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். துடைத்து முடித்ததும் அவளுக்குக் கோபம் வந்தது.

"பொய்ச் சாவுக்கு நான் கடையச் சாத்திட்டு ஓடி வந்திருக்கேன். நீங்க வீட்டுல உக்காந்து தே குடிக்கிறீங்க. அக்கா கண்ணத் தொறக்கிறப்ப எதிர யாருண்ணே இருப்பா?"

சுகுமாரனின் கையில் கோப்பை அப்படியே நின்றது. பெட்டியில் அவள் கண்ணை மூடியிருப்பதைத்தான் இத்தனை நாளாக அவர் நினைத்து நினைத்து நடுங்கினார். திறப்பதை ஒருமுறையாவது நினைத்துப் பார்த்தாரா? அவர் எழுந்தார். சட்டை மாற்றவில்லை, கழுத்தில் கிடந்த வேர்வைத் துண்டைக்கூட எடுத்து வைக்கவில்லை. அபுபக்கரின் வேனில் ஏறி உட்கார்ந்தார்.

லயத்தில் அந்த நேரம் காட்சி ஓடிக்கொண்டிருந்தது. நடுக்கூடத்தில் பெட்டி. பெட்டிக்குள் பட்டுச்சேலை கட்டி, முடியில்லாத தலையோடு, நெற்றியில் காசோடு முத்தாயி. சுற்றி நின்று அழுதவர்கள் அந்த லயத்துப் பெண்கள். அழுவது போல நடிக்கத்தான் அவர்களை அழைத்திருந்தார்கள். ஆனால் அந்தத் தலையைப் பார்த்த பிறகு யாருக்கும் நடிக்க வேண்டியிருக்கவில்லை. ஒருத்தி தன் அம்மாவை நினைத்து அழுதாள். இன்னொருத்தி பெயர் சொல்லாத யாரையோ நினைத்து அழுதாள்.

அந்தக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சுகுமாரன் உள்ளே வந்தார். கேமரா இருப்பதையே அவர் கவனிக்கவில்லை. உதவியாளர் ஒருவர் அவரைப் பிடித்து நிறுத்தப் போனார். யுவனேஸ்வரன் கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

சுகுமாரன் பெட்டி அருகே நின்றார். மனைவியின் வெறுந்தலையை அவர் பார்ப்பது அதுதான் முதல் முறை. வீட்டில் அவரிடமிருந்து மறைத்ததை, ஊரறியத் திறந்து வைத்துக்கொண்டு படுத்திருந்தாள். அவர் அவளை மேலும் கீழும் பார்த்தார். ஏதோ குறைவது போல அவருக்குப் பட்டது. முத்தாயியின் தோளில் துண்டு இல்லை. அவசரத்தில் எல்லாரும் மறந்துவிட்டார்கள். அவர் தன் கழுத்துத் துண்டை எடுத்து, உதறி, நான்காக மடித்து அவள் தோளில் வைத்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அவர் அழுதது முத்தாயிக்கா, வராந்தாவில் நின்ற நாட்களுக்கா, யாரால் சொல்ல முடியும்?

காட்சி முடிந்தது என்று யுவனேஸ்வரன் சொன்னார். சொல்லியும் பிரமிளா கண்ணைத் திறக்கவில்லை.

எல்லாரும் காத்திருந்தார்கள். மூடிய இமைகளின் ஓரத்திலிருந்து கண்ணீர் காதுப்பக்கம் வழிந்தது. இத்தனை அழுகைக்கு நடுவே படுத்திருந்தபோது, அதில் ஒரு துளியாவது தன் தங்கைக்குக் கிடைத்திருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தோன்றியதாம். பின்னாளில் சல்மாவிடம் சொன்னாள். சிரிக்கத் தெரியாமல் போய்விட்டதாம்.

"அக்கா, சிரிங்கக்கா" என்றார் கேமராக்காரர். அவர் குரலில் பயம் இருந்தது.

சுகுமாரன் குனிந்தார்.

"பிரமி. நீ செத்துட்டேன்னு ஊரே அழுவுது. சல்மாம்மா கடையச் சாத்திட்டு வந்துருச்சு. நான் வீட்டுல தே குடிச்சிக்கிட்டு இருந்தேன். பொண்டாட்டி செத்தன்னிக்கு தே குடிக்கிற மனுசன்னு அபுபக்கர் பாய் என்னைய ஒரு மாதிரி பாத்தாரு லா."

முதலில் பிரமிளாவின் உதடு மட்டும் அசைந்தது. பிறகு வயிறு குலுங்கியது. நெற்றிக் காசு நழுவிப் பெட்டிக்குள் விழுந்தது. கண்ணைத் திறந்து, எதிரே கணவர் முகத்தைப் பார்த்துச் சத்தமாகச் சிரித்தாள். "கேமராவப் பாருங்கக்கா" என்று கேமராக்காரர் கெஞ்ச, திரும்பி அதைப் பார்த்தும் சிரித்தாள். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் மூச்சு விட்டார்கள்.

அந்தப் பாகம் ஒளிபரப்பான மாலை, சல்மாவின் உணவகத்தில் யாரும் எதுவும் கேட்டு வாங்கவில்லை. பரிமாறுகிறவர்களும் நின்றபடி பார்த்தார்கள். யார் அந்தத் துண்டு வைத்த மனுசன், என்னமா நடிக்கிறான் என்று ஒரு மேசையில் பேசிக்கொண்டார்கள். ஈஜோக்கில் பிரமிளா தன் வீட்டில் அதைப் பார்த்தாள். திரையில் பெட்டியைத் தூக்கிய நேரத்தில், "தனு" என்று ஒரே ஒரு முறை கூப்பிட்டு, கொரோனா காலத்திலிருந்து தேக்கி வைத்ததை எல்லாம் அழுது தீர்த்தாள். சுகுமாரன் எதையும் பழுது பார்க்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலை மருந்து ஏற்றும் நாள். பிரமிளா தலைக்குத் துணி கட்டாமல் கிளம்பினாள். ஆஸ்பத்திரியில் காத்திருக்கும் இடத்தில், முக்காட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் அவளையே வெறித்துப் பார்த்தாள். பிறகு எழுந்து வந்து, தொடலாமா கூடாதா என்பது போல அவள் கையைத் தொட்டாள்.

"முத்தாயிக்கா, நேத்துதான நீங்க செத்தீங்க? நான் தூங்கவே இல்ல."

"அவ செத்துட்டாம்மா. நல்லபடியா அனுப்பிட்டோம்" என்றாள் அவள். நகர்ந்து, பக்கத்து நாற்காலியில் இருந்த தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். "நான் பிரமிளா. வா, இப்படி உக்காரு. உனக்கு இதுதான் மொதத் தடவையா?"