அந்தோணிக்கு ஊற்றிய தண்ணீர்

போன வாரம் ஒரு மர்ம நாவலைப் பாதியில் மூடிவைத்தேன். கதை ஒன்றும் மோசமில்லை. பழைய அமெரிக்கா, பனியில் உறைந்த ஆறு, ஒரு கொலை. துப்பறிவது யார் தெரியுமா? ஊர் மருத்துவச்சி! எல்லார் வீட்டு உள்ளறைக்கும் போய்வருகிறவள்... அவளுக்குத் தெரியாத ரகசியம் உண்டா?

ஒரு காட்சியில், பிறந்த குழந்தை பிழைக்காது என்றாகிறது. பாதிரியார் வர நேரமில்லை. மருத்துவச்சியே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுக்கிறாள். அங்கேதான் மூடினேன். இது எங்கள் வீட்டில் நடந்ததாயிற்றே!

எங்கள் ஊர் ஆவூர்ப் பக்கம். எனக்கு அப்போது ஐந்து வயது. கிராம நர்ஸின் கறுப்புப் பைக்குள்தான் பிள்ளைகள் வருகிறார்கள் என்று நம்பிய காலம். தம்பி அந்தோணி ஒரு மத்தியானம் பிறந்தான். அரைமணி நேரம்தான் இருந்தான். பங்குச் சாமியார் வேறு ஊருக்குப் பூசைக்குப் போயிருந்தார். ஆபத்தென்றால் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் — எங்கள் வழக்கம் அது. பக்கத்தில் இருந்ததோ நர்ஸம்மா மட்டும். நெற்றி நிறைய விபூதி! படுத்தபடியே அம்மா ஜெபத்தைச் சொல்லச் சொல்ல, அவர் திருப்பிச் சொல்லித் தண்ணீர் ஊற்றினார். அந்தப் பித்தளைச் செம்பு இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஞானஸ்நானம் பெறாத பிள்ளைகளை அன்று கல்லறைத் தோட்டச் சுவருக்கு வெளியேதான் புதைப்பார்கள். அந்தச் செம்புத் தண்ணீரால் தம்பிக்கு உள்ளே இடம் கிடைத்தது.

நாவல் கிளப்பிவிட்ட ஞாபகத்தில் அரிமளத்துக்கு பஸ் ஏறினேன். ஓய்வுபெற்ற நர்ஸம்மா அங்கே மகன் வீட்டில் இருக்கிறார். காபி கொடுத்தார், முறுக்கு கொடுத்தார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒன்னு சொல்றேன், கோவிச்சுக்காத பாப்பா. நான் செம்ப எடுத்துட்டு வாரதுக்குள்ள புள்ள போயிருச்சு. செவுத்துக்கு அங்கிட்டுப் பொதச்சிருவாங்களேன்னுதான் ஊத்துனேன். ஒங்கம்மாட்ட சொல்லல. பாவமா பாப்பா?"

நானும் அவர் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அழுகை வந்தது.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வருஷா வருஷம் கல்லறைத் திருநாளன்று முதல் மெழுகுவத்தியை அந்தோணிக்கு ஏற்றுகிறவளாயிற்றே! சொல்லாமல் விட்டால், நர்ஸம்மா இந்தப் பாரத்தோடேயே இருக்க வேண்டியதுதானா?

வீட்டுக்குள் நுழைந்ததுமே அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். இழுத்து இழுத்துச் சொன்னேன். அவள் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியாதா? என் நெஞ்சு மேலதானடி கெடந்தான். மூச்சு நின்னதும் தெரிஞ்சுச்சு. அந்தம்மா செம்போட ஓடியாந்துச்சு... நானும் ஜெபத்தச் சொன்னேன்."

"அவங்ககிட்ட ஏம்மா சொல்லல, இத்தன வருஷமா?"

"எனக்காகத்தான மறைக்குது. தெரிஞ்சுபோச்சுன்னா அந்தம்மாவுக்குச் சங்கடமா இருக்காதா?"

உரித்த வெங்காயத்தை ஒதுக்கி வைத்துவிட்டு அவளே சொன்னாள். "வார கல்லறைத் திருநாளுக்கு நர்ஸம்மாவக் கூட்டியா. மொத மெழுகுவத்திய அந்தம்மா ஏத்தட்டும்."

நாவலில் இன்னும் எண்பது பக்கம் பாக்கி. கொலை செய்தது யாரென்று அம்மாவிடமே கேட்டுவிடலாம் போலிருக்கிறது!