கட்டாவுக்குக் கோடு கிடையாது

ஹஃபீலா ராத்தா எனக்கு அக்கா முறை. அவரை எங்கள் பக்கத்தில் "படம் கீறுற புள்ள" என்றுதான் சொல்வார்கள். 2016இல் அவருக்கு முப்பத்தொரு வயது, ஆனாலும் புள்ளதான். கற்பிட்டி வீதியோரம் ஓலைக் குடிசைகளெல்லாம் கல்வீடாகிப் பல வருடமாகியும் இன்னும் முகாம் என்றே அழைக்கப்படும் எங்கள் ஊரில், அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு தகர வேலி. தொண்ணூறில் மன்னாரிலிருந்து எல்லோரும் விரட்டப்பட்டு வந்தபோது அவருக்கு ஐந்து வயது. அவருடைய வாப்பா அலியார், வந்த மாதமே முத்தலிபு ஹாஜியாரின் கருவாட்டு வாடியில் மீன் வெட்டச் சேர்ந்தார். இருபத்தாறு வருடமாக அதே வாடி, அதே வெட்டுப் பலகை.

ராத்தா கீறாதது எதுவுமில்லை. விஞ்ஞான பாடத்துக்குச் செம்பருத்தி, கல்யாண அட்டைக்குப் பிறை, மத்ரஸாவுக்குப் பெயர்ப்பலகை, வள்ளங்களின் முகப்பில் பெயர், மணப்பெண் கையில் மருதோன்றி. யாராவது வந்து கேட்பார்கள், கீறிக் கொடுப்பார். கண்டல் காடுகளைப் பற்றி ஒரு நிறுவனம் சிறு புத்தகம் போட்டபோது நண்டு ஒன்று கீறிக் கொடுத்தார். அந்த நண்டின் காலடியில் 'ஹ. அலியார்' என்று கடுகளவில் எழுதியிருந்தது.

அதைக் கொழும்பில் ஒருவர் உருப்பெருக்கிக் கண்ணாடி இல்லாமலே படித்திருக்கிறார். அவர் பெயர் ஷானிகா. சிலாபத்துக்காரி, தமிழோடு சிங்களமும் கலந்து பேசுபவர், ஓவியர்களுக்கு வேலை பிடித்துக் கொடுக்கும் ஒரு முகவர் நிறுவனத்தில் இருந்தார். புத்தகம் போட்டவர்களிடம் இலக்கம் வாங்கி ராத்தாவை அழைத்து, கீறியதையெல்லாம் அனுப்பச் சொன்னார். ராத்தா எல்லாவற்றையும்தான் அனுப்பினார். நாற்பத்திரண்டு படங்கள்.

"எல்லாம் நீங்களே கீறினதா?" என்று ஷானிகா கேட்டார்.

"ஓம் மிஸ்."

"அப்ப என்னால விக்க ஏலா."

ராத்தாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஷானிகா விளக்கினார். பிஸ்கட் கம்பனிக்காரனோ ஹோட்டல்காரனோ வந்து பக்கத்தைப் புரட்டும்போது, ஒரு படத்தைப் பார்த்ததுமே அடுத்த படம் எப்படி வரும் என்று அவனுக்குத் தெரிய வேண்டும். நாற்பத்திரண்டு விதமாகக் கீறுபவரை அவன் நம்பமாட்டான். ஒரே கை, ஒரே விதம், பத்துப் படம். "உங்கட மீனும் நண்டும் ராலும் மட்டும் போதும். அதுகளுக்கு உசிர் இருக்கு. மிச்சத்தை வீட்டில வைங்க, ஹரியா?"

ஒப்பந்தம் ஆங்கிலத்தில் நான்கு பக்கம். எங்கள் முகாமிலிருந்து பல்கலைக்கழகம் போய்ப் பட்டத்தோடு திரும்பிய முதல் ஆள் நான் என்பதால் அது வேலிக்கு மேலால் என் கைக்கு வந்தது. வாசித்துச் சொன்னேன். வாடிக்கையாளரைத் தேடுவது, விலை பேசுவது, திகதி குறிப்பது, படத்தை எதற்கெல்லாம் பாவிக்கலாம் என்று எழுதி வாங்குவது எல்லாம் அவர்கள் பொறுப்பு. நூற்றுக்கு முப்பது அவர்களுக்கு. கீறுவது மட்டும் ராத்தா. திருத்தம் எதுவானாலும் வாடிக்கையாளர் அவர்களிடம் சொல்வார். அவர்கள் இவரிடம் சொல்வார்கள். முக்கியமான வரி கடைசிப் பக்கத்தில் இருந்தது: முதல் வேலையை வாடிக்கையாளர் ஏற்றுக் கையெழுத்துப் போட்டால்தான் ராத்தாவின் பெயர் நிறுவனத்தின் பட்டியலில் ஏறும். போடாவிட்டால் ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது.

ஒரு வரியை மட்டும் நான் பிழையாக விளங்கியிருந்தேன். வியாபாரப் படங்கள் நிறுவனத்தின் ஊடாக மட்டுமே என்று இருந்ததை, வேறு எங்கும் கை வைக்கவே கூடாது என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் கமறியா மாமி மகளின் கல்யாணத்துக்கு மருதோன்றி போட ராத்தா மாட்டேன் என்றுவிட்டார். மாமி வேலியடியில் வந்து நின்று, "கொழும்புக்காரி ஒன்ட கையையே கழட்டி எடுத்துட்டுப் போய்ட்டாளா?" என்று கத்தினார். விடயம் ஷானிகாவின் காதுக்குப் போனபோது அவர் சிரித்த சிரிப்பு போனுக்கு வெளியே கேட்டது. "அனே, மருதோன்றி போடுங்க. அது வியாபாரப் படமில்ல. ஆர் உங்களுக்கு இதை வாசிச்சது?" ராத்தா என் பெயரைச் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் முதல் வேலை வந்தது. கருவாட்டுப் பைக்கு ஒரு கட்டா மீன், முழு உடம்பு, பக்கவாட்டில். ஆங்கிலப் பெயரில் ஏதோ ஒரு புதுக் கம்பனி. ராத்தாவுக்கு உப்புப் படாத முழுக் கட்டா ஒன்று பார்த்துக் கீற வேண்டும். வாப்பாவிடம் சொன்னார். காலையில் வள்ளங்கள் வந்ததும் அலியார் வாடியில் முத்தலிபு ஹாஜியாரிடமே கேட்டிருக்கிறார்.

"முழுக் கட்டா என்னத்துக்கு? ஊட்டுல விருந்தா?"

"இல்ல மொதலாளி. மகள் பாத்துக் கீறப் போறா. கொழும்புல ஒரு கருவாட்டுப் பைக்காம்."

"எந்தக் கம்பனி?"

அலியார் அந்த ஆங்கிலப் பெயரைத் தட்டுத்தடுமாறிச் சொல்லி முடிப்பதற்குள் ஹாஜியார் எழும்பிவிட்டார்.

"அடப்பாவி மனுசா, அது என்ட கம்பனி!"

நடந்தது இதுதான். ஹாஜியார் கொழும்புப் பெரிய கடைகளில் கருவாடு விற்க நினைத்தார். கொழும்புக் கடைக்கான பை கொழும்பில்தான் கீறப்பட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். மகன் பெயரில் கம்பனி பதிந்து, வேன் பிடித்துப் போய், ஷானிகாவின் கந்தோரில் பக்கம் பக்கமாகப் புரட்டி, "இந்த மீன் இப்பதான் வலையில இருந்து வந்த மாதிரி இரிக்கி, இந்தாள்தான் வேணும்" என்று விரல் வைத்துவிட்டு வந்தார். அந்த ஆள் தன் வாடியிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருப்பது அவருக்குத் தெரியாது.

அன்று அஸர் தொழுகைக்குப் பிறகு அவர் ராத்தாவின் வீட்டு வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஏன் புள்ள, நான் என்னத்துக்கு நூறு மைல் போகணும்? செருப்பு மாட்டாமலே ஒங்கட வாசலுக்கு வந்திருப்பேனே."

"நீங்க வந்திருந்தா வள்ளத்துக்குப் பேர் எழுதத்தான் செல்லியிருப்பீங்க ஹாஜியார்" என்றார் ராத்தா, கதவுக்குப் பின்னாலிருந்து.

ஹாஜியார் சிரித்தார். பிறகு மீனுக்கு வயிறு இன்னும் கொஞ்சம் பெருக்கட்டும் என்றார்.

"ஷானிகா மிஸ்ஸுக்குச் செல்லுங்க. அவ எனக்குச் செல்லுவா."

"நீ இந்தா நிக்கிறாய்!"

"ஒப்பந்தம் அப்படி."

ஹாஜியார் கதிரையில் இருந்தபடியே கொழும்புக்கு அழைத்தார். அவர் வைத்ததும் குசினியில் ராத்தாவின் போன் அடித்தது. வயிறு பெருக்கட்டுமாம் என்றது கொழும்பு. பெருக்குகிறேன் என்றார் ராத்தா. ஹாஜியார் வாசலில் இருந்து, "கேட்டிச்சா?" என்று கத்தினார். இரண்டு நாள் கழித்து மீனின் கண்ணுக்குப் பளபளப்பு வேண்டும் என்று வந்தார். அதுவும் இப்படியே வாசலில் இருந்து கொழும்பு போய்க் குசினிக்குத் திரும்பி வந்தது. நாங்கள் வேலிக்கு இப்பால் நின்று பார்த்துச் சிரித்தோம்.

மூன்றாவது திருத்தத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஷானிகா சாதாரணமாகத்தான் சொன்னார்: "உடம்பில மேலருந்து கீழ கொஞ்சம் கோடு போடட்டாம். அழகுக்கு. சின்ன வேலைதானே?"

ராத்தா தூரிகையைக் கழுவி வைத்தார். கட்டாவின் பக்கத்தில் வரிசையாக மங்கல் புள்ளிகள் உண்டு, கோடு கிடையாது. மேலிருந்து கீழே கோடு விழுவது அறுக்குளா மீனுக்கு. அறுக்குளாக் கருவாட்டுக்குக் கொழும்பில் கட்டாவைவிட எத்தனை மடங்கு விலை என்பது எங்கள் கரையில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். அறுக்குளாவே இது என்று கோட்டை மட்டும் பார்த்து வாங்கிப்போகும் ஆட்களுக்குத்தான் அந்தப் பை.

அலியார் அன்று வாடியிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

"மொதலாளி செல்லிட்டார் மகள். கீறிக் குடு. அவர் கையெழுத்துப் போட்டா ஒன்ட பேர் ஏறும். இந்த வயசுல என்னால வேற வாடி தேட ஏலா."

"வாப்பா, அது அறுக்குளாவாப் போயிரும்."

"ரெண்டு கோட்டுல மீன் மாறுமா? ஆரு பாக்கப் போறா?"

"மீன் தெரிஞ்சவன் பாப்பான். நாளைக்கு வேறொரு மீன் கம்பனிக்காரன் என்ட பக்கத்தப் புரட்டினா, கட்டாவையும் அறுக்குளாவையும் குழப்பிக் கீறுறவ எண்டு மூடி வச்சிருவான். மீன் மட்டும்தானே கீறச் சொன்னாங்க? அதுலயும் பொய்யெண்டா எனக்கு வேற என்ன இரிக்கி?"

அலியார் கிணற்றடிக்குப் போனார்.

ராத்தா அப்போதே ஷானிகாவை அழைத்துக் கோட்டின் அர்த்தத்தைச் சொன்னார். 

"அனே, நானும் கடற்கரைக்காரிதான். ஆனா மீனைப் பொரிச்ச பிறகுதான் எனக்கு அடையாளம் தெரியும்," என்றார் ஷானிகா. பிறகு, "அவர் கையெழுத்துப் போடாட்டி உங்களைப் பட்டியல்ல ஏத்த எனக்கு வழியில்ல. தெரியும்தானே?"

"தெரியும் மிஸ்."

"அப்ப நான் கதைக்கிறன். நீங்க ஒண்டும் கதைக்க வேணாம். அதுக்குத்தானே நாங்க இருக்கிறது."

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து ஹாஜியார் நேரே வந்து கதிரையில் உட்கார்ந்தார். அலியார் தூணோடு நின்றார். கொழும்பிலிருந்து அழைப்பு வந்தது. ஹாஜியாருக்குக் காது கொஞ்சம் மந்தம், எப்போதும்போல ஒலிபெருக்கியில் போட்டார். ஷானிகா மிகவும் மரியாதையாகப் பேசினார். எங்கள் ஓவியர் கீறியிருப்பது கட்டா. அறுக்குளா வேண்டுமென்றால் தாராளமாகக் கீறித் தருவார். ஆனால் அது வேறு மீன், வேறு வேலை, வேறு ஒப்பந்தம். பைக்குள் இருப்பது அறுக்குளாதான் என்று ஐயா எழுத்தில் ஒரு வரி அனுப்பினால் போதும், திங்கட்கிழமையே தொடங்கலாம்.

"நான் அறுக்குளா எண்டு எழுதச் சொன்னேனா?" ஹாஜியாரின் குரல் உயர்ந்தது. "எழுதினாத்தான் பொய். நான் கோடுதானே கேட்டன்? கோடு ஒரு சோடனை."

"ஹரி ஐயா. அப்ப படத்தில இருக்கிறது என்ன மீன் எண்டு நான் பதியட்டும்?"

ஹாஜியார் சுற்றிலும் பார்த்தார். வேலிக்கு இப்பால் நாங்கள் நாலைந்து பேர். அவர் போனைத் தூணடிக்கு நீட்டினார்.

"இந்தா, இருபத்தாறு வருசமா எனக்கு மீன் வெட்டுறவன். படத்துக்காரியிட வாப்பா. இவனிட்டக் கேளுங்க. செல்லுடா அலியார், அந்தப் படத்துல இரிக்கிறது என்ன மீன்?"

தான் விரும்பும் பதிலை அலியார் சொல்வார் என்றுதான் அவர் நினைத்திருக்க வேண்டும். அலியாரும் அப்படித்தான் சொல்ல நினைத்தாரோ என்னவோ.  படம் ஜன்னல் திண்டில் காய்ந்துகொண்டிருந்தது. அவர் அதை ஒரு தரம் பார்த்தார்.

"கட்டா" என்றார்.

இன்று என்ன கிழமை என்று கேட்டால் சொல்வதுபோல. கூடவே, கேட்காத ஒன்றையும் சொன்னார்: "பெட்டை மீன். சினை இரிக்கி."

வேலிக்கு இப்பால் யாரோ அடக்க முடியாமல் சிரித்துவிட்டார்கள். "நன்றி ஐயா, கட்டா எண்டு பதியிறன்," என்றது போன். ஹாஜியார் அதை அணைத்துச் சட்டைப் பையில் போட்டார்.

"ஒன்ட மகள் ஒன்ட பேச்சும் கேக்கமாட்டாளாடா?"

"கேட்டிருந்தா மொதலாளி, அவ எப்பவோ கீறுறத உட்டிருப்பா."

ஹாஜியார் கதிரையை எடுத்து உள்ளே வைக்காமலே போய்விட்டார்.

எட்டு நாள் கொழும்பிலிருந்து செய்தியில்லை. அந்த எட்டு நாளும் ஹாஜியார் வாடியில் அலியாரோடு பேசவில்லை. ராத்தா அந்த நாட்களில் எதுவும் கீறவில்லை. மாவு இடித்தார், வீட்டைக் கழுவினார், போனை மின்சாரத்தில் மாட்டியபடியே வைத்திருந்தார். ஒன்பதாம் நாள் பத்தரை மணிக்கு அடித்தது. ஹாஜியாரின் மகன் கையெழுத்திட்ட தாளை அனுப்பியிருந்தான். மீனுக்குக் கோடு இல்லை. கொழும்புக் கடைக்குச் சரக்கு ஏற்றும் திகதி நெருங்கிவிட்டது, புதிதாக இன்னொருவரைத் தேடிக் கீறுவிக்க நேரமில்லை என்று ஷானிகா சொன்னார்.

"உங்கட பேரை ஏத்திட்டன். 'ஹஃபீலா அலியார்' எண்டு முழுசாப் போட்டிருக்கன். சரிதானே?"

"சரி மிஸ்" என்றார் ராத்தா. 

அடுத்த திங்கட்கிழமை அலியாரின் வெட்டுப் பலகையில் வேறொருவர் நின்றார். கருவாடு காயப்போடும் பரணுக்கு அலியாரை அனுப்பியிருந்தார்கள். சம்பளம் குறையவில்லை, வெயில் மட்டும் அதிகம். மாலையில் வந்து முதுகைக் காட்டி, "இஞ்ச பாரு, நானும் காஞ்சுட்டன்" என்றார். ராத்தா தேங்காயெண்ணெய் எடுத்து வந்து பூசினார். பூசும்போது, ஒரு ஹோட்டலுக்கு ஆறு விதமான நண்டு கீற வேண்டியிருப்பதாகச் சொன்னார்.

"ஆறா? எங்கட கரையில அதுக்கு மேலயே இரிக்கே," என்றார் அலியார். குப்புறப் படுத்தபடியே விரல் மடக்கி ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லத் தொடங்கினார்.