தூம்புக் கட்டையைப் பிடுங்கிய கோடை

எங்கள் ஊர் மலையில், கொட்டச்சேட்டுக்குக் கீழே, காபித் தோட்டங்களுக்கு நடுவில் இருந்தது. ஊருக்கு ஒரே ஒரு குளம். மாசியில் ஊற்றுகள் வற்றிவிட்டால் அடுத்த மழை வரைக்கும் குடிக்க, சமைக்க, மாட்டுக்குக் காட்ட அந்தத் தண்ணீர்தான். ஒரு தேர்தல் வருஷத்தில், பட்டப்பகலில், ஊரே கரையில் நின்று ஆரவாரம் செய்ய, அதை வெளியே திறந்துவிட்டார்கள்.

குளம் புறம்போக்கு. ஆனால் மூன்று பக்கமும் எஸ்டேட் நிலம் என்பதால் அவர்கள் வைத்ததே சட்டம். ஞாயிற்றுக்கிழமைகளில் பங்களாவுக்கு வரும் விருந்தாளிகள் அங்கே தூண்டில் போடுவார்கள். ராட்டினம் வைத்த தூண்டில், மடக்கு நாற்காலி, ஐஸ் பெட்டி எல்லாம் வரும். பிடித்த மீனைக் கையில் தூக்கி போட்டோ எடுத்துக்கொண்டு, சிலர் அதைத் திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவார்கள். எங்கள் ஆட்கள் மூங்கில் தூண்டிலோடு போய் உட்கார்ந்தால் வாட்ச்மேன் வந்து முறித்துப் போடுவான்.

அப்பா அந்த எஸ்டேட்டில்தான் வேலை பார்த்தார். அவருக்கு மீன் குழம்பில் பெரிய பிரியம் கிடையாது. உட்கார்ந்து பிடிப்பதில்தான் ஆசை. அம்மா கிண்டல் செய்வாள்.

"மீனே திங்காத மனுசனுக்குத் தூண்டில் எதுக்காமா?"

"காப்பி குடிக்காத நாந்தான் காப்பிச் செடியப் பாத்துக்கிட்டு இருக்கறேன். அதக் கேக்க மாட்டேங்கறயே" என்பார் அப்பா.

அரசாங்க விதி என்று ஒன்றும் இருந்தது. மீன்வளத் துறையிலிருந்து வந்த ஒருவர் கரையோரப் பாறையில் வெள்ளைக் கோடு போட்டுவிட்டுப் போயிருந்தார். தண்ணீர் அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் விருந்தாளி, ஊர்க்காரர் யாரும் மீன் பிடிக்கக் கூடாது. மீன் இனம் அழியாமல் இருக்கப் போட்ட கோடு அது. எங்கள் குடத்தையும் அதுதான் காப்பாற்றியது. கோடு வெளியே தெரிந்தால் குளத்திலிருந்து தண்ணீர் இறைக்கும் எஸ்டேட் மோட்டாரும் ஓடக் கூடாது. அந்த வருஷம் பங்குனியிலேயே கோடு தெரிந்துவிட்டது.

நான் சேலத்தில் ஹாஸ்டலில் தங்கி பி.எஸ்ஸி. படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சம் இருந்ததில்லை. லீவுக்கு வந்திருந்தபோதுதான் ஜீப் வந்தது. குப்பனூர்ப் பக்கத்துக்காரர் ஒருவர், வேட்பாளருக்காக ஓட்டுக் கேட்கிறவர், பலா மரத்தடியில் ஊரைக் கூட்டினார்.

"ஏனுங்க, கொளம் ஆருதுங்க?"

"எங்களுதுங்க" என்றார்கள் எல்லோரும்.

"அப்பறம் தொரைமாரு மீன் புடிக்கறாங்க, நீங்க வேடிக்க பாத்துக்கிட்டு நிக்கறீங்க?"

சிரிப்பு எழுந்தது. அப்பா சிரிக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தக் கோடு ஆருக்குப் போட்டதுன்னு நெனச்சீங்க? உங்களத் தூர நிறுத்தத்தான். எங்காளு ஜெயிச்சா கோடும் இல்ல, வாட்ச்மேனும் இல்ல. அதுக்குக்கூட நீங்க காத்திருக்க வேண்டாமுங்க. வர்ற ஞாயித்துக்கெழம கொளத்தத் தொறந்து உடறோம். மீன் பூராவும் உங்களுக்குத்தான்."

நான் எழுந்தேன். "தொறந்து உட்டா தண்ணியுமில்லீங்க போயிரும்?"

"பாதிதான் கண்ணு போவும். தண்ணி கொறஞ்சாத்தான மீன் கைக்குச் சிக்கும்?"

"தூம்புக் கட்டையப் புடுங்கிட்டா மறுபடி உக்காராதுங்களே."

ஊரில் அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கரைக்கு அடியில் தண்ணீர் வெளியேறும் கல் துளைதான் தூம்பு. அதை அடைத்திருந்தது ஒரு பலாக் கட்டை. பல வருஷம் தண்ணீரில் ஊறி, உப்பி, துளையோடு துளையாக இறுகிப்போன கட்டை. மழைக்காலத்தில் மட்டும்தான் அதைத் தொடலாம். வெளியே எடுத்து வெயில் பட்டால் சுருங்கிவிடும்.

"இந்தக் காலத்துலயும் மரக்கட்டையா? ஜெயிச்ச மறுநாளே இரும்பு ஷட்டர் போட்டுத் தர்றோம். காலேஜுல என்ன கண்ணு, தண்ணிக்குக் காவல் காக்கத்தான் சொல்லித் தர்றாங்களா?"

"கணக்குச் சொல்லித் தர்றாங்க. மழ வர்ற வரைக்கும் ஊரு எதக் குடிக்கும்னு அந்தக் கணக்கச் சொல்லுங்க."

"படிக்கப் போட்டா இப்படித்தான்" என்று பின்னால் ஒருவர் முனகினார். அப்பா என் முந்தானையை மெல்ல இழுத்தார். "உக்காரு சாமி. ஒரு நாளாச்சும் நாமளும் அங்க உக்காந்து பாக்கோணுமல்ல."

நான் உட்கார்ந்தேன். அவர் கேட்டது நியாயம். அந்த ஆள் அந்த நியாயத்தைத்தான் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தார்.

ஞாயிறு காலையில் இரண்டு பேர் முங்கிச் சங்கிலி கட்டினார்கள். ஜீப் இழுத்தது. கறுத்து வழவழத்த கட்டை, ஆட்டுக்குட்டி அளவில், மேலே வந்து கரையில் விழுந்தது. கீழே பள்ளத்தில் ஐப்பசியில் கேட்கும் இரைச்சல் எழுந்தது. சித்திரையில் அந்த இரைச்சலை நான் கேட்டதே இல்லை. கொட்டிலில் மாடுகள் கத்தின.

அப்பா புது மூங்கிலோடு, விருந்தாளிகள் நாற்காலி போடும் நிழலில் போய் உட்கார்ந்தார். யாரும் அவரை எழுப்பவில்லை. ஒரு ஜிலேபி மீன் மாட்டியது. அதைத் தூக்கிக் காட்டி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக ஜீப்காரரை நான் பாதி மன்னித்திருந்தேன். பிறகு தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியது. ஊரே கூடையும் சேலையும் கொசுவலையுமாக உள்ளே பாய்ந்தது. அப்பாவின் தக்கை சேற்றில் சாய்ந்து கிடந்தது. அவர் அப்போதும் மூங்கிலைக் கீழே வைக்கவில்லை.

பாதி போதும் என்று யாரோ கத்தியபோது பாதிக்கு மேலேயே போயிருந்தது. கட்டையை உருட்டிக்கொண்டு வந்தார்கள். உச்சி வெயிலில் கிடந்து அது வெளுத்திருந்தது. நெடுக ஒரு வெடிப்பு ஓடியிருந்தது. துளையில் வைத்ததும் கையோடு உள்ளே ஆடியது. சாக்கு, வைக்கோல், களிமண் என்று எதைத் திணித்தாலும் ஓரங்களில் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தபோது ஜீப் இல்லை. மைக் சத்தம் மட்டும் அடுத்த ஊர்ப் பக்கம் கேட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு காலையும் குடத்தை எடுத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் உள்ளே நடக்க வேண்டியிருந்தது. மிச்ச மீன்கள் வாயைத் திறந்து மேலே வந்து செத்தன. பருந்துகள் வட்டமிட்டன. நாற்றம் ஊருக்குள் வந்து, சோற்றிலும் இருப்பதாகத் தோன்றியது. பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டது.

ஓட்டுப் போடும் நாளில் எங்களை ஏற்றிப் போக ஜீப் வந்தது. "ஷட்டருங்க?" என்று கேட்டார் அப்பா. "மேல சொல்லியாச்சுங்கண்ணா, ஏறுங்க." நான் ஏறவில்லை, நடந்தே போனேன். அது என் முதல் ஓட்டு. அவர்கள் ஆளுக்குப் போடவில்லை. அவர்கள் ஆள் ஜெயித்தார்.

வைகாசி பிறந்ததும் குளத்தில் சேறு மட்டும் இருந்தது. பெண்கள் எல்லோரும் எஸ்டேட் கேட்டுக்குப் போனோம். எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் எங்களை எதிர்பார்த்திருந்தவர் போலப் பேசினார். கேட்டின் ஓரத்தில் எஸ்டேட் கிணற்றிலிருந்து புதிதாக, பூட்டு வைத்த ஒரு குழாய் போட்டிருந்தார்கள். உள்ளே பங்களா வாசலில் அந்த ஜீப் நின்றது. கட்சிக் கொடியை மட்டும் கழற்றியிருந்தார்கள்.

"கொளத்த நீங்களே பாழாக்கிட்டீங்க. மேலிடத்துக்கு எழுதிப் போட்டாச்சு. இனி எஸ்டேட்டே ஷட்டர் போட்டு, சுத்தியும் கம்பி வேலி கட்டிப் பராமரிக்கும். இயற்கையக் காப்பாத்தோணுமில்லீங்களா? ஊர்க்காரங்க ஆரும் எறங்கக் கூடாது. உங்களுக்குத்தான் கொழாய் இருக்குதே."

குடங்கள் நிறையும் சத்தத்தில் பெண்கள் தலையாட்டினார்கள். "நொம்ப புண்ணியமுங்க" என்றாள் ஒருத்தி.

"கொழாய்க்குச் சாவி ஆருகிட்டங்க?" என்று கேட்டேன்.

"எங்கிட்டத்தான் கண்ணு. நான் எங்க ஓடிறப் போறேன்?"

மழை வந்தது. வேலிக்கு உள்ளே குளம் நிறைந்தது. மடக்கு நாற்காலிகள் திரும்ப வந்தன. ஊர் ஊற்றுகளில் மட்டும் செம்மண் கலங்கலாக வந்ததால் குடிக்க அந்தக் குழாய்தான் என்று ஆகிவிட்டது.

அந்த மழைக்காலத்தில் நான் லீவுக்கு வந்திருந்தபோது, களை அதிகம் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வர வேண்டும் என்றது எஸ்டேட். ஆட்கள் கூடிப் பேசி மாட்டோம் என்றார்கள். அப்பாதான் முதலில் சொன்னார். மறுநாள் காலையில் குழாயைத் திறக்க ஆள் வரவில்லை. யாரும் எங்களை மிரட்டவில்லை, ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெறும் குடங்கள் கேட்டிலிருந்து பாதை வரைக்கும் வரிசையாக நின்றன. மதியம் அப்பா களைவெட்டியை எடுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல், தோட்டத்துக்குள் இறங்கினார். மற்றவர்களும் அவருக்குப் பின்னால் போனார்கள்.

பொழுது சாய்வதற்குள் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது.