கவுதாரி இறகு, ஒரே ஒரு சுற்று

இந்த வெள்ளைக்கார நாட்டில் நோர்பரிக் கடையில் விற்கும் மல்லிகைச் சரத்தைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பூவுக்குப் பூ ஒரு விரற்கடை இடைவெளி. நேற்றும் ஒரு முழம் வாங்கிவந்து, பிரித்து, நெருக்கிக் கட்டினேன். அந்த வாசத்தில் என் கணவரின் நினைவு வந்து உட்கார்ந்துவிட்டது.

அவருக்கு மீன்பிடிப் பைத்தியம். அதுவும் புழுக் குத்திப் பிடிப்பதல்ல. கொக்கியில் பட்டுநூல் சுற்றி, கழுத்தில் கவுதாரி இறகு வைத்துக் கட்டிய பொய்ப்பூச்சி. அதை வான்டில் ஆற்றுக்குள் அமிழவிட்டு ஓட்டத்தோடு போகவிடுவார். மீன் கடிப்பது கண்ணைவிட நூலைப் பிடித்த விரலுக்குத்தான் முதலில் தெரியுமாம். பிடித்ததையும் ஆற்றிலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு வருவார்.

"கறிக்கு உதவாத மீனுக்கு இவ்வளவு பாடோ?" என்று நானும் விடாமல் கேட்பேன். வெள்ளிக்கிழமைகளில் அந்த இறகுப் பெட்டி வீட்டுக்குள் வரக்கூடாது என்பது என் சட்டம். பாவம், தோட்டத்துக் கொட்டிலில் குளிரில் இருந்து கட்டுவார்.

பிறகு சீனி வருத்தத்தில், அதுதான் நீரிழிவில், அவர் விரல்கள் மரத்துப்போயின. கொக்கி குத்தி இரத்தம் வந்தாலும் தெரியாது. ஒருநாள் பெட்டியை என் முன்னால் வைத்தார்.

"நீர் பூக் கட்டுற ஆள்தானே, ஒண்டு கட்டித் தாரும். மீன் கடிக்கிறது இன்னும் ஒருக்கா என்ர கைக்குத் தெரியுமோ எண்டு பாக்கவேணும்."

அன்று வெள்ளிக்கிழமை. இருந்தும் பெட்டியைத் திறந்தேன். மாலை கட்டிப் பழகிய கை சும்மா இருக்குமா? இறகைச் சுற்றோ சுற்றென்று சுற்றி இறுக்கிவிட்டேன். அவர் சிரித்தார்.

"இது கல்யாண மாலையப்பா. ஒரு சுத்துக் காணும். தண்ணிக்குள்ள பூச்சியின்ர கால் மாதிரி அசையவேணும்."

பிரித்துக் கட்டினேன். நெருக்காமல் ஐதாகக் கட்டுவது எனக்கு எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

ஆற்றங்கரையில் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஓட்டத்தோடு வளைந்துபோன நூல் திடீரென்று விறைத்தது. தூண்டில் தடியின் நுனி குனிந்து நிமிர்ந்தது. அவர் விரல் அசையவே இல்லை. நூல் தளர்ந்துவிட்டது.

"ஒண்டும் இல்லைப் போல" என்றார்.

"ஓம், இல்லை" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது மெதுவாகச் சொன்னார். "நீர் கட்டினதில பிழையில்லை. தடி குனிஞ்சதை நானும் கண்டனான்."

அதன்பின் அவர் ஆற்றுப்பக்கம் போகவில்லை. அடுத்த தை மாதம் ஆளும் போய்விட்டார். ஆஸ்பத்திரியில் கடைசிவரை அந்த விரல்களைத்தான் பிடித்துக்கொண்டிருந்தேன். நான் பிடித்திருந்தது அவருக்குத் தெரிந்ததா என்று கேட்க இப்போது ஆளில்லை.