ஊஞ்சலடியில் ஈரம்

ஒரு நாய்க்கு ஒன்றுக்குப் போகச் சொல்லிக்கொடுக்க முடியாமல், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு நான் அழுதிருக்கிறேன். ஓய்வு பெற்ற கணக்கு டீச்சர், வகுப்பில் நுழைந்தாலே பெண்களெல்லாம் கப்சிப் என்று ஆகிவிடுவார்கள் என்று பெயர் எடுத்தவள், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதேன். வெளியே கூடத்தில், ஊஞ்சலுக்கு அடியில், அப்போதுதான் அவள் மறுபடியும் போயிருந்தாள்.

அவள் எங்கள் வீட்டுக்கு வந்ததே என் திமிரால்தான். பெசன்ட் நகரில் நாய்களைத் தத்துக் கொடுக்கும் முகாம் ஒன்று நடந்தது. சிநேகிதி ஒருத்திக்குக் குட்டி வேண்டும் என்று துணைக்குப் போனேன். எனக்கு அப்படி ஒரு உத்தேசமே கிடையாது. எல்லாரும் குட்டிகளை மொய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மேஜைக்கு அடியில் மட்டும் வளர்ந்த நாய் ஒன்று, செம்மண் நிறம், ஒரு காது மடங்கியது, யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் படுத்திருந்தது. இதை ஏன் யாரும் கேட்கவில்லை என்று காப்பகத்துப் பெண்ணிடம் கேட்டேன்.

“ரெண்டு வீட்ல எடுத்துட்டுப் போய்த் திருப்பிக் கொண்டாந்து விட்டுட்டாங்க மேடம். வீட்டுக்குள்ளயே போய்டுறா. ஒவ்வொரு தடவை திரும்பி வரும்போதும் ரொம்ப ஒடிஞ்சு போறா. சாப்பிடவே மாட்டா. இன்னொரு தடவை வந்தா அப்புறம் யாருக்கும் குடுக்கிறதில்லன்னு முடிவு பண்ணிட்டோம். கடைசி வரைக்கும் கூண்டுதான்.”

மற்ற டீச்சர்கள் கைகழுவிய பெண்களை என் வகுப்புக்கு மாற்றச் சொல்லி பாஸ் பண்ண வைத்தவள் நான். ‘இதுக்கெல்லாம் வராது’ என்று யாரைப் பற்றி யார் சொன்னாலும் எனக்குச் சுர்ரென்று ஏறும். அன்றைக்கும் ஏறியது. என்ன பெரிய ஐ.ஏ.எஸ். பரீட்சையா, வெளியே போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வருவதுதானே என்று நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். சிநேகிதி கடைசியில் எதையும் எடுக்கவில்லை.

“இன்னாம்மா, இம்மாம் பெரிய நாய ஏத்திக்கினு வர்ற, கடிச்சு கிடிச்சு வெக்கப் போவுது,” என்றார் ஆட்டோக்காரர். கடிக்காது என்று அடித்துச் சொன்னேன். அவள் கடிக்கவில்லை. அடையாறு பாலம் தாண்டுவதற்குள் அவருடைய வண்டியிலேயே போய்விட்டாள். அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது.

எங்கள் வீடு மயிலாப்பூரில், கோயில் குளத்துக்குப் பின்பக்கத் தெரு ஒன்றில். மாமனார் இருந்த பழைய வீட்டை இடித்துக் கட்டிய அடுக்ககத்தில் தரைத்தளம் எங்களுக்கு. என் கணவர் காலையில் குளித்து, மடி உடுத்தி, ஒரு மணி நேரம் பூஜை செய்கிறவர். சாப்பாட்டு மேஜையில் பால் சிந்தினால்கூட இடத்தை அலம்பாமல் நகர மாட்டார். நாயோடு நான் வந்து நின்றதைப் பார்த்துக் கத்தவில்லை. அவர் கத்துகிற ஜாதி இல்லை. அதுதான் அவரிடம் எனக்குக் கஷ்டம்.

“அடுத்த மாசம் அப்பாவோட தெவசம். வாத்தியார்லாம் வருவா. அதுக்குள்ள இது ஆத்துக்குள்ள போறத நிறுத்தணும். நிறுத்தலேன்னா கொண்டு விட்டுடணும். சரியா?”

“அடுத்த மாசம் வரைக்கும் எதுக்கு? பத்தே நாள்ல பழக்கிக் காட்டறேன்.”

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அட்டவணை போட்டேன். எழுந்ததும் வெளியே, சாப்பிட்டதும் வெளியே, தூங்கி எழுந்ததும் வெளியே. பக்கெட் தூக்கிக்கொண்டு தண்ணீர் லாரிக்கு ஓடின காலத்தில்கூட நான் அப்படி ஓடியதில்லை. அவள் தெருவில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தாள். பூக்காரி, மீன்பாடி வண்டி, கோயிலுக்கு வருகிறவர்களின் செருப்புக் குவியல், எல்லாவற்றையும் மோந்தாள். செய்ய வேண்டியதை மட்டும் செய்யவில்லை. நான் கையில் பிஸ்கட்டை வைத்துக்கொண்டு, “போடி கண்ணு, போடி ராஜாத்தி,” என்று கெஞ்சிக்கொண்டிருப்பேன். எதிர்வீட்டுக்காரர்கள் ஜன்னல் வழியாகப் பார்ப்பார்கள். வெயில் ஏறித் தலை கிறுகிறுக்க வீட்டுக்குள் நுழைந்து கயிற்றை அவிழ்ப்பேன். அவள் நேராகக் கூடத்துக்குப் போவாள், ஊஞ்சலடியை ஒரு சுற்று மோந்து பார்ப்பாள், குந்திவிடுவாள்.

குனிந்து துடைக்க என் முட்டி இடம் கொடுக்காது. அதனால் அந்த வேலை அவர் தலையில் விழுந்தது. சும்மா சொல்லக்கூடாது, ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. பழைய துணியால் ஒற்றி எடுப்பார், தண்ணீர் விட்டு அலம்புவார், பினாயில் போடுவார். அதோடு விடமாட்டார். குளத்தங்கரை நாட்டு மருந்துக் கடையிலிருந்து வாங்கிய கோமியத்தை ஒரு கிண்ணத்தில் ஊற்றி, மாவிலையால் அந்த இடம் முழுக்கத் தெளிப்பார். பிறப்பு, இறப்பு, கிரகணம் என்று எதற்கும் எங்கள் வீட்டில் பசுவின் மூத்திரம்தான் சுத்தி. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். பினாயில் கிருமிக்கு, கோமியம் தீட்டுக்கு என்பது அவர் கணக்கு. தெளித்து முடித்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி வரும்.

மறுநாள் அவள் அதே இடத்தில் போவாள். அவர் முன்னைவிடக் கொஞ்சம் கூடுதலாக, கொஞ்சம் அகலமாகத் தெளிப்பார். அதற்கு மறுநாள் அவள் பூஜை அறை வாசலுக்கு நகர்ந்தாள். அங்கேயும் தெளித்தார். பிறகு ஷூ ஸ்டாண்டு பக்கம். கிண்ணம் போய்க் குவளை வந்தது. கடைக்காரர், வீட்டில் ஏதாவது ஹோமமா மாமா என்று கேட்டாராம்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. கச்சேரிக்குப் போவதை விட்டேன். அண்ணன் பேத்தியின் ஆண்டு நிறைவுக்குக்கூட கே.கே. நகர் வரை போகாமல் ஃபோனிலேயே ஆசீர்வாதம் பண்ணினேன். மாடி வீட்டில் ஐ.டி. கம்பெனிப் பெண் ஒருத்தி லாப்ரடார் வளர்க்கிறாள். அது லிஃப்டில்கூடப் பதவிசாக உட்கார்ந்து வரும். அதைப் பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிந்தது. ஒருநாள் எங்களுடையவள் ஊஞ்சலடியில் மறுபடி குந்தியபோது வாய்க்கு வந்தபடி கத்தினேன். ‘நன்றி கெட்ட ஜென்மமே, உன்னைக் காப்பாத்தத்தானே நாய் படாத பாடு படறேன்’ என்று ஒரு நாயைப் பார்த்தே கத்தினேன். அவள் பாதியில் நிறுத்திவிட்டு, வயிறு தரையில் ஒட்ட நடுங்கினாள். அன்றைக்குத்தான் குளியலறையில் போய் அழுதது.

தெவசத்துக்கு இரண்டு நாள் இருக்கையில் அவர் என்னைப் பார்த்தார். வாக்குக் கொடுத்தவள் நான். நானே ஆட்டோ பிடித்தேன்.

அவள் வெளியே சுற்றப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டுவிட்டாள். கிண்டி வரை தலையை வெளியே நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டு வந்தாள். அங்கிருந்து ஆதம்பாக்கம் பக்கம் திரும்பி, காப்பகத்துத் தெரு முனை வந்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தலையை உள்ளே இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டாள். காப்பகத்துப் பெண் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, கயிற்றை வாங்கிக்கொண்டாள். கேட்டிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்து அவளுடைய சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்தேன். அன்று முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை.

தெவசம் குறைவில்லாமல் நடந்தது. விடியற்காலையிலேயே அவர் வீடு முழுக்க, அவள் போன இடத்திலெல்லாம் தாராளமாகக் கோமியம் தெளித்திருந்தார். வாத்தியார் கிளம்பிப் போய், நாங்களும் சாப்பிட்டு முடித்து, வாசல் கதவு திறந்தே கிடந்தது. மாடி வீட்டுப் பெண் எங்களுக்கு வந்த கூரியர் ஒன்றைக் கொடுக்க லாப்ரடாரோடு வந்து நின்றாள். நான் வாங்கிக்கொள்ளக் கை நீட்டுவதற்குள் அது கயிற்றை இழுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தது. நேராக ஊஞ்சலடிக்குப் போனது. ஒரு சுற்று மோந்தது. காலைத் தூக்கியது.

அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. “ஐயோ ஆன்ட்டி, சாரி ஆன்ட்டி, இவன் இப்படிப் பண்ணினதே இல்ல, குட்டியா இருந்தப்பகூட இல்ல. இங்க வேற நாய் போன வாசனை ஏதாவது இருக்கா? அது இருந்தா மட்டும்தான் இவனுங்க…”

“இருக்காதே. ஒவ்வொரு தடவையும் அலம்பி, பினாயில் போட்டு, கோமியம் தெளிச்சு…” என்று ஆரம்பித்த என் கணவர் அப்படியே நின்றுவிட்டார். ஜன்னல் மேடையில் கோமியப் பாட்டில் இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம்.

நாங்கள் மூத்திரத்தைத் தெளித்துச் சுத்தம் செய்யச் செய்ய, இதுதான் உனக்கான இடம், இங்கேயும் போகலாம், அங்கேயும் போகலாம் என்று அவளுக்கு நாங்களே காட்டிக் கொடுத்திருக்கிறோம். அவள் மக்கு இல்லை. நாங்கள் சொல்லிக் கொடுத்ததை அப்படியே கற்றுக்கொண்டிருக்கிறாள்.

“செருப்ப மாட்டிக்கோ. கிளம்பு,” என்றார்.

தெவசத்தன்று அவர் வாசற்படி தாண்ட மாட்டார். வெளியில் பச்சைத் தண்ணீர் பல்லில் படாது. அதைச் சொன்னேன். “அப்பா கோச்சுக்க மாட்டார்,” என்று சொல்லிவிட்டு, கட்டிய பஞ்சகச்சத்தோடு தெருவில் இறங்கி ஆட்டோவை நிறுத்தினார்.

காப்பகத்துப் பெண் கதவிலேயே மறித்தாள். “இல்ல சார். மறுபடி எடுத்துட்டுப் போவீங்க, மறுபடி கொண்டாருவீங்க. ரெண்டு நாளா அவ பச்சத் தண்ணி குடிக்கல தெரியுமா?” என்றாள். அவர் கோமியக் கதையைச் சொன்னார். ஒளிக்காமல், கடைக்காரர் கேட்டதுவரைக்கும் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வேண்டுமானால் கூப்பிட்டுப் பாருங்கள், வந்தால் அழைத்துப் போங்கள் என்று கூண்டைத் திறந்துவிட்டாள்.

அவள் வரவில்லை. நான் கூப்பிட்டேன், கை தட்டினேன், பிஸ்கட்டைக் காட்டினேன். சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள், திரும்பக்கூட இல்லை. அவர், யாரோ அலம்பிவிட்டிருந்த ஈரத் தரையில், நாய் மயிரும் சோற்றுப் பருக்கையும் கிடந்த இடத்தில், அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். தொடவில்லை, கூப்பிடவில்லை. வெயில் தாழும்வரை உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவள் எழுந்து, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, எங்கள் பின்னால் நடந்து வந்தாள்.

அதோடு கதை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். வீட்டை வினிகர் ஊற்றி மூலை மூலையாகத் தேய்த்தோம். பாட்டில்கள் மொத்தத்தையும் அவர் மாடி வீட்டுப் பெண்ணின் தொட்டிச் செடிகளுக்குக் கொடுத்துவிட்டார். ஆனால் அவள் இப்போது எங்கேயுமே போகவில்லை. ஊஞ்சலடியில் இல்லை, தெருவில் இல்லை. தண்ணீரைக் கண்டாலே ஒதுங்கினாள். குடித்தால்தானே வரும், வந்தால்தானே கொண்டுபோய் விடுவார்கள் என்று அவள் கணக்குப் போட்டுவிட்டாள் என்றுதான் எனக்குத் தோன்றியது. நாய் டாக்டர் ஃபோனில், நாளைக்குள் போகவில்லை என்றால் தூக்கிக்கொண்டு வாருங்கள், ட்யூப் போட வேண்டும் என்றார். நான் மோரில் தண்ணீரைக் கலந்து அவள் உதட்டில் தடவித் தடவிப் புகட்டினேன். தெருவில் இறங்கி முட்டி வலியோடு அவள் முன்னால் மண்டியிட்டேன். “எங்க வேணும்னாலும் போடி. பூஜை ரூம்ல போ. என் படுக்கையில போ. போயிடுடி,” என்று அழுதேன். பூக்காரி பூக்கட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவர் குளித்து, மடி உடுத்தி, பூஜைக்குப் பூக்கூடையோடு கூடத்துக்கு வந்தார். அவள் படுத்திருந்த இடத்திலிருந்து தள்ளாடி எழுந்து அவர் காலடிக்கு வந்தாள். அவரை அண்ணாந்து பார்த்தாள். அடக்க முடியாமல் அங்கேயே குந்தினாள். நிற்காமல் போய்க்கொண்டே இருந்தது. கூடத்துத் தரையில் ஓடி, அவர் பாதத்தை நனைத்து, மடி வேட்டியின் ஓரத்தில் ஏறியது. நான் சமையலறை வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்து, பேசாதே என்று கண்ணால் சொன்னார். அவள் பயந்து பாதியில் நிறுத்திவிடக் கூடாது என்று, அவள் முழுசாகப் போய் முடிக்கும்வரை அவர் காலை நகர்த்தவே இல்லை.