சகலையின் டர்பைன்

2025 மார்ச் 14, வெள்ளி. காலை ஆறு மணிக்குக் காரிமங்கலம் துணைமின் நிலையத்தில் ஷிப்ட் ஏறினேன். மணிக்கொரு முறை மீட்டர் அளவுகளை எழுதிவிட்டு, இரண்டரைக்கு வீடு திரும்பினேன்.

சென்னையிலிருந்து சகலை வந்திருந்தார். நகரத்தின் நடுவே உள்ள பழைய கேஸ் மின்நிலையத்தில் அவருக்கு வேலை. சாயங்காலம் பள்ளி விட்டு வந்ததும், ஆறாவது படிக்கும் என் மகள் அவர் எதிரே கண் இமைக்காமல் உட்கார்ந்திருந்தாள். காற்றை அழுத்தி, அதில் கேஸை எரித்தால் சீறி வரும் அனல் டர்பைனைச் சுழற்றும், டர்பைன் ஜெனரேட்டரைச் சுழற்றும், அதில்தான் கரண்ட் பிறக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அப்பா கரண்ட் செய்யறதில்லீங்களா, சித்தப்பா?"

"நாங்க கறந்து அனுப்பறத உங்கப்பா வூட்டுக்கு வூடு ஊத்தறாரு, கண்ணு."

மகளோடு என் மனைவியும் சிரித்தாள். எனக்கு வயிறு எரிந்தது.

"போன மாசம் உங்க மிஷின் எத்தன நாள் ஓடுச்சு?" என்று கேட்டேன்.

"ஒரு நாளும் இல்லீங்கண்ணா. பழசாயிடுச்சு, கரண்ட் பத்தலன்னு கூப்பிட்டாத்தான் ஓட்டுவோம்."

எரிந்த வயிறு குளிர்ந்தது. அவரோ மகள் பக்கம் திரும்பினார். "சும்மா நின்னாலும் அப்பப்ப டர்பைன் தண்டைத் திருப்பி வைக்கணும், கண்ணு. இல்லேன்னா தன் பாரத்துலயே வளைஞ்சிரும்."

"லீவுல வந்து பாக்கட்டுங்களா, சித்தப்பா?"

என் நிலையம் வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். இப்படி அவள் என்னிடம் கேட்டதே இல்லை.

மறுநாள் ஐந்து மணிக்கு முதல் வேலையாக அவளை எழுப்பினேன்.

"என்னோட சப்ஸ்டேஷனுக்கு வரியா? உள்ள விட மாட்டாங்க, கேட்டுக்கு வெளிய நின்னு பாக்கலாம்."